பத்து டிகிரி

அந்தக் கண்ணாடிக் கடையில் இரண்டே அறைகள். முன்னறை நெட்டைக்கு, பின்னறை குள்ளிக்கு. ஹாஸ்டலில் யாரோ வைத்த பட்டப்பெயர்கள். நாற்பத்திரண்டு வயதாகியும் இருவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள். நெட்டை கண்ணைச் சோதித்து பவர் எழுதுவாள். குள்ளி அதற்கேற்ப லென்ஸை வெட்டி, ஓரம் தீட்டி, ஃபிரேமில் பொருத்துவாள். முன்னறையில் ஏசி, பின்னறையில் தூசு. வருகிறவர்கள் நெட்டையை "டாக்டரம்மா" என்பார்கள். அவள் டாக்டர் இல்லை. அதைத் திருத்திச் சொல்லக் குள்ளிக்கு வாய் ஊறும். ஆனால் பின்னறையிலிருந்து கத்தினால் யார் காதில் விழப்போகிறது?

நகமும் சதையும் என்று ஊர் சொன்னது. குள்ளியின் கணவர் அதற்கும் ஒரு படி மேலே போவார். "இந்த மாதிரி ஒரு ஃப்ரெண்ட் கெடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும். பரீட்சையில ஃபெயிலான உன்னையும் கூட வெச்சு சோறு போடுறாங்களே" என்பார், குள்ளி போட்ட சோற்றையே சாப்பிட்டுக்கொண்டு. மகளோ நெட்டையைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். போன மாதம் ஒருநாள், "நானும் பெரியம்மா மாதிரி கண்ணுக்குத்தான் படிக்கப்போறேன்" என்றாள். அம்மா மாதிரி என்று அவள் இதுவரை ஒரு நாளும் சொன்னதில்லை. அன்று குள்ளி சமையலில் உப்பை இரண்டு முறை போட்டாள்.

அந்தப் பரீட்சையின் கதையைச் சொல்லியாக வேண்டும். இருவரும் சேர்ந்து படித்த கண் பரிசோதனைப் படிப்பின் கடைசி வருடம், பிராக்டிகல். எதிரே உட்கார்ந்தவரின் கண்ணில் வெளிச்சத்தை அடித்து, உள்ளே நிழல் எப்படி ஓடுகிறது என்று பார்த்து பவர் சொல்ல வேண்டும். குள்ளிதான் முதலாவதாக வருவாள் என்று வாத்தியார்களே பேசிக்கொண்டார்கள். அன்று காலை பார்த்து அவளுடைய பச்சை ஃபிரேம் கண்ணாடி மேசையில் இல்லை. அறையைத் தலைகீழாகப் புரட்டியும் கிடைக்கவில்லை. நெட்டை ஓடி வந்து தன்னிடமிருந்த இன்னொரு கண்ணாடியைக் கொடுத்தாள். அடுத்தவள் கண்ணாடியில் நிழல் எங்கே ஓடும்? குள்ளி தோற்றாள். மறுபடி எழுத வீட்டில் விடவில்லை. அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பல வருடம் கழித்து நெட்டை கடை திறந்தபோது, "வாடி, சேர்ந்தே இருப்போம்" என்று கூட்டி வந்தாள். எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரும் உருகினார்கள். குள்ளியும்தான் உருகினாள், அது உண்மை.

நான்கு வருடத்துக்கு முன்பு நெட்டை ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பின்னறையில் கொண்டுவந்து வைத்தாள். "வீட்டுல கெடந்த பழைய ஃபிரேமெல்லாம். உடைஞ்சத எடுத்துட்டு நல்லதா பிரிச்சு வைடி" என்றாள். அடியில் ஒரு பச்சை ஃபிரேம் இருந்தது. இடது கீலில் திருகு விழுந்துபோய், அந்த இடத்தில் கறுப்பு நூல் சுற்றியிருந்தது. நூல் சுற்றியது குள்ளியின் கைதான்.

அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். ஃபிரேமை எடுத்துத் தன் டிராயரில் போட்டுப் பூட்டினாள். மறுவாரம் நெட்டை தனக்குப் புதுக் கண்ணாடி போடச் சொன்னபோது, அதில் கை வைத்தாள்.

சில கண்ணுக்குப் பவர் மட்டும் போதாது. லென்ஸ் எந்தக் கோணத்தில் உட்கார வேண்டும் என்பதும் உண்டு. கோணம் பத்து டிகிரி பிசகினாலும் எழுத்து தெரியும். ஆனால் தரை லேசாகச் சாயும். மாடிப்படி அலையும். சாயங்காலத்துக்குள் தலை பிளக்கும். குள்ளி பத்தே பத்து டிகிரிதான் திருப்பினாள்.

"என்னமோ மாதிரி இருக்குடி" என்றாள் நெட்டை, போட்ட அன்றே.

"புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும். ஒரு வாரத்துல பழகிடும்."

அடுத்தடுத்த வருடங்களிலும் அதே பத்து டிகிரி. நெட்டை கார் ஓட்டுவதை விட்டாள். கல்லூரியில் வாரம் ஒரு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள், அந்த மேடைப்படி மிதக்கிறது என்று அதையும் விட்டாள். தினமும் நான்கு மணிக்குத் தலைவலி மாத்திரை. குள்ளியே தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பாள். மாத்திரை தொண்டையில் இறங்குவதைப் பார்க்கும்போது வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது கொஞ்சம் அடங்கும். ராத்திரிக்குள் மறுபடி பற்றிக்கொள்ளும். பொறாமைக்கு எவ்வளவு போட்டாலும் பத்தாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குத்தான் திங்கட்கிழமை முட்டுக்கட்டை விழுந்தது.

"புது மெஷின் வருதுடி, நாளைக்கு. எந்தக் கண்ணாடியை வெச்சாலும் பவர், கோணம் எல்லாத்தையும் பேப்பர்ல அடிச்சுக் குடுத்துடும். முன்னறையில வைக்கலாம், வர்றவங்களுக்கு நம்பிக்கையா இருக்கும்" என்றாள் நெட்டை.

இதுவரை கண்ணாடியை அளக்கும் கருவி பின்னறையில் மட்டும்தான் இருந்தது, கையால் திருகிப் பார்க்கும் பழசு. அதைத் தொடுவது குள்ளி ஒருத்திதான். இனி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குள்ளிக்குக் குறுகுறுக்கவில்லை, பயம்தான் வந்தது. பிடிபட்டால் வேலை போகும். அது போனால் போகட்டும். மகள் காதுக்குப் போகும். அம்மா இப்படிப்பட்டவளா என்று அவள் ஒரு பார்வை பார்ப்பாளே, அதைத் தாங்க முடியாது.

செவ்வாய் காலை கடை திறந்ததும் குள்ளி நெட்டையிடம் கை நீட்டினாள். "கண்ணாடியைக் குடு, மூக்குல இறங்குது பாரு. டைட் பண்ணித் தரேன்."

நெட்டை கழற்றிக் கொடுத்தாள். சரியான கோணத்தில் முந்தின நாளே தீட்டி வைத்திருந்த லென்ஸ்களை அதே ஃபிரேமில் மாற்ற எட்டு நிமிடம் ஆனது. நெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு குள்ளியை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள்.

"தொடச்சியாடி? பளிச்சுனு இருக்கு."

"ஆமா."

பதினொரு மணிக்கு மெஷின்காரர் வந்தார். ஒயரைச் சொருகிவிட்டு, "சும்மா ஒரு கண்ணாடி குடுங்க மேடம், காட்டுறேன்" என்றார். நெட்டை தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள். மெஷின் முனகிக்கொண்டு ஒரு துண்டுக் காகிதத்தைத் துப்பியது. எல்லாம் சரி. குள்ளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்படியே இதையும் பாருங்க" என்று நெட்டை தன் டிராயரைத் திறந்தாள்.

உள்ளே மூன்று கண்ணாடிகள். போன வருடத்தது, அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது. தூக்கிப் போட்டிருப்பாள் என்று குள்ளி நினைத்திருந்தவை.

மெஷின்காரர் மூன்று காகிதத்தையும் முதல் காகிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "பவர் கரெக்டா இருக்கு, கோணம்தான் மூணுலயும் பத்து டிகிரி தள்ளி இருக்கு. இதைப் போட்டுக்கிட்டா நாள் பூரா இருந்தீங்க? தலை தெறிச்சிருக்குமே! யாரு மேடம் போட்டது?"

குள்ளி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற கடையில போட்டது. நம்ம கடையில அந்த மாதிரி தப்பெல்லாம் வராது" என்றாள் நெட்டை.

அவர் போனதும் நெட்டை கதவைச் சாத்தினாள். குரலை உயர்த்தவில்லை.

"அந்தப் பெட்டியை உன்கிட்ட எதுக்குக் குடுத்தேன்னு நெனச்சே? உடைஞ்ச ஃபிரேமைப் பொறுக்கவா?"

குள்ளி தன் பூட்டிய டிராயர் இருந்த பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"வாயால சொல்ற தைரியம் எனக்கு இல்லடி. நீ பாத்துட்டு வந்து கேப்பே, என்னைச் செருப்பால அடிப்பேன்னு நெனச்சேன். நீ கேக்கல. அடுத்த வாரம் புதுக் கண்ணாடி போட்டதும் தலை வலிச்சுது. நீ வீட்டுக்குப் போனப்புறம் உன் பழைய கருவியில வெச்சுப் பாத்தேன். சரி, நீ கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதான் போட்டுக்கிட்டியா? நாலு வருஷமா?"

"உன் மனசு ஆறட்டும்னு விட்டேன். எல்லாரும் நீதான் மொதல்ல வருவேன்னு சொன்னாங்க. எனக்குப் பொறுக்கல. ஒரு மணி நேரம் ஒளிச்சு வெச்சுட்டுக் குடுத்துடலாம்னுதான் எடுத்தேன். அப்புறம் குடுக்க முடியல." நெட்டை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இன்னைக்கு நீயே சரி பண்ணிட்டே. இனிமே சரிக்குச் சரி."

குள்ளிக்கு அழுகை வந்திருக்க வேண்டும், அல்லது வெட்கம். வந்ததோ ஆத்திரம். நான்கு வருடமாகத் தன்னுடையது என்று அவளுக்கு இருந்தது அந்தப் பத்து டிகிரி ஒன்றுதான். அதுவும் நெட்டை போட்ட பிச்சை. வாயில் ஊட்டிவிட்டு, தின்னட்டும் என்று வேடிக்கை பார்த்திருக்கிறாள். வெளியே தெரிந்தால் இதற்கும் ஊர் அவளைத்தான் புகழும். என்ன பொறுமை, என்ன மனசு!

"வா, உக்காரு. உன் கண்ணைப் பாத்து ரெண்டு வருஷமாச்சு" என்றாள் நெட்டை, எதுவும் நடக்காததுபோல.

குள்ளி உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாள் என்று பின்னால் எவ்வளவோ யோசித்தும் அவளுக்குப் புரியவில்லை. விளக்கு அணைந்தது. நெட்டையின் மூச்சு கன்னத்தில் பட்டது. லென்ஸ் மாறி மாறி விழுந்தது.

"இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?"

"ரெண்டாவது."

"நல்லா பாத்துச் சொல்லு. மொதல்ல காட்டினதா, இதுவா?"

பதில் சொல்லச் சொல்ல எது தெளிவு என்றே அவளுக்குக் குழம்பிவிட்டது. நெட்டை சீட்டில் எழுதி நீட்டினாள். பவரும் கோணமும் அவளுடைய அழகான கையெழுத்தில் இருந்தன. கோணம் பழைய சீட்டில் இருந்ததைவிடக் கொஞ்சம் மாறியிருந்தது. வயதானால் மாறும்தான். சீட்டுப்படி லென்ஸ் இருக்கிறதா என்று குள்ளியால் பார்க்க முடியும். கண்ணுக்கு ஏற்ற சீட்டுதானா என்று பார்க்கத்தான் அந்தப் பரீட்சையில் தேறியிருக்க வேண்டும்.

"சந்தேகமா இருந்தா வேற கடையில காட்டிக்கோ. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றாள் நெட்டை. அவள் குரல் தேனாக இருந்தது.

வேறு கடைக்குப் போவதா? போனால், பயந்துவிட்டாள் என்று ஆகும். மறுநாள் குள்ளி அந்தச் சீட்டை வைத்துத் தன் கண்ணாடிக்கு லென்ஸ் தீட்டினாள். ஒரு டிகிரி இப்படி அப்படி இல்லாமல், பழைய கருவியில் மூன்று முறை சரிபார்த்தாள்.

மதியம் வரை ஒன்றும் தெரியவில்லை. மூன்று மணிக்கு நெற்றிப்பொட்டில் மெல்லத் தொடங்கியது. நான்கு மணிக்குப் பின்னறைத் தரை ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் இருந்தது. அல்லது இருப்பதாக அவள் நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"தலை வலிக்குதுடி."

நெட்டை நிமிர்ந்து பார்த்தாள். நான்கு வருடத்தில் முதல்முறையாக அவள் நெற்றியில் சுருக்கமே இல்லை. டிராயரிலிருந்து மாத்திரையை எடுத்தாள், எழுந்து போய்த் தன் கையாலேயே தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

"புதுக் கண்ணாடி அப்படித்தான் இருக்கும்" என்றாள். "ஒரு வாரத்துல பழகிடும்."