எட்டாம் எண் அறை

கல்கத்தாவில் பெஹாலா பகுதியின் சந்தியாதீப் நூலகத்தில் எட்டாவது அறை உண்டானது 2007 ஜூலை ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தே முக்கால் மணிக்கு. அதுவரை அங்கே ஏழு அறைகள்தான். சென்னைக் கம்பெனி ஒன்றின் மென்பொருளை நூலகத்துக்குப் பொருத்தும் வேலை அன்று முடிவதாக இருந்தது. கம்பெனி சார்பில் பழைய பதிவேடுகளைப் பார்த்துப் புத்தக விவரங்களைக் கணினியில் ஏற்றியவள் செல்வராணி. கோவில்பட்டிக்காரி. கணவன் பெத்துராஜுக்கு கிதிர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை என்பதால் கல்கத்தாவுக்கு வந்து பதினொரு வாரம் ஆகியிருந்தது. வங்காள எழுத்தில் நான்கு என்ற எண் பார்ப்பதற்கு ஆங்கில எட்டு மாதிரியே இருக்கும். நான்காம் அறையின் 2,316 புத்தகங்களும் எட்டாம் அறையில் இருப்பதாக ஏற்றி, அவள் சேமித்தாள். உடனே நான்காம் அறையின் அலமாரிகள் காலியாயின. மாடிப்படிக்குப் பக்கத்தில் நாட்காட்டி தொங்கிய சுவரில் ஒரு பச்சைக் கதவு இருந்தது. நூலகர் நரேன் அதைத் திறந்து பார்த்தார். கதவில் தொங்கினால் ஆடிக்கொண்டே இருக்கும் என்று நாட்காட்டியைக் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினார்.

அறையில் நான்காம் அறைப் புத்தகங்கள் அத்தனையும், ஒரு நீள மேசை, பன்னிரண்டு நாற்காலிகள், ஒரு சன்னல். அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பது மிட்டாய்க்கடையின் சமையற்கட்டு. ஆனால் சன்னல் வழியே தெரிந்தது ஒரு குளம். அறுபதுகளில் தூர்த்துவிட்டு வீடு கட்டிய குளம்தான் அது என்று வயதான வாசகர்கள் படித்துறையை வைத்து அடையாளம் சொன்னார்கள். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. வெளிச்சம் நன்றாக இருந்ததால் முதல் நாளே மூன்று பேர் உள்ளே போய் உட்கார்ந்தார்கள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் செல்வராணிக்குத் தன் தவறு புரிந்தது. வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நரேனிடம் மட்டும் சொன்னாள். அரை மணி நேரத்தில் திருத்திவிடலாம் என்றாள். திருத்தினால் அறை போய்விடுமா, உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று அவர் கேட்டார். கம்பெனி கொடுத்த கையேட்டில் அதற்குப் பதில் இல்லை. மூடும் நேரம் வரை காத்திருந்தார்கள். மூன்று பேரும் வெளியே வந்தார்கள். ஆனால் படித்த புத்தகங்களை மேசையில் விரித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறோம் என்று போனார்கள். பாதியில் நிற்கிறவர்கள் முடிக்கட்டும், திதி, என்றார் நரேன்; அந்த ஊரில் அக்காவைத் திதி என்பார்கள். அவர்கள் முடிப்பதற்குள் வேறு நான்கு பேர் பாதியில் நின்றார்கள். இப்படியே பதினேழு வருஷம் போயிற்று.

அந்த வருஷங்களில் நூலகம் கம்பெனியோடு பதினாறு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. குறைந்த விலைக்குத் தருகிறோம் என்று வேறு இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். புத்தகப் பட்டியல் கை மாறினால் அறை என்னவாகுமோ என்று நரேன் சொல்லக் கேட்டு நிர்வாகக் குழு அவர்களுக்கு டீயும் சந்தேஷ் இனிப்பும் கொடுத்து அனுப்பிவிட்டது. கம்பெனி முதலாளி ஜெய்ராம் சென்னையில் நடந்த கூட்டங்களில், எங்கள் முதல் நூலகம், இன்றைக்கும் எங்களோடுதான் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். காரணம் அவருக்குத் தெரியாது. செல்வராணிக்குச் சென்னையில் பெரிய பதவி இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் மறுத்தாள். தன் இடத்துக்கு வருகிறவர் அறைப் பட்டியலைப் பார்த்துவிடுவாரே என்ற பயம். மாதம் ஒருமுறை நூலகத்துக்கு வந்து கணினிகளைச் சரிபார்ப்பாள். அந்தப் பச்சைக் கதவைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

பெத்துராஜ் உள்ளே போனான். ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு வருஷா வருஷம் மனுப் போட்டுக்கொண்டிருந்தவன், 2011இல் அவளை அழைத்துப் போக வந்த இடத்தில் மழைக்கு ஒதுங்கி அந்த அறையில் உட்கார்ந்தான். அந்த வருஷம் மனுப் போட மறந்துபோனான். அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் வந்தான். வங்காளம் பேசுவானே தவிரப் படிக்கத் தெரியாது. சன்னலோரம் உட்கார்ந்து குளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

2024 மார்ச்சில் கம்பெனி மென்பொருளின் புதிய பதிப்பைக் கொண்டுவந்தது. மாநகராட்சி ஒப்புக்கொண்ட கட்டட வரைபடத்தில் இருக்கும் அறைகளை மட்டுமே அது ஏற்கும். மீதியை அழித்து, புத்தகங்களைப் பழைய பதிவேட்டின்படி வைத்துவிடும். சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மாற்றம் என்று கடிதம் வந்தது. நரேன் பத்து நாள் முன்னதாகவே வாசகர்களிடம் சொல்லிவிட்டார். யாரும் சண்டை போடவில்லை. வேகவேகமாகப் படித்து முடித்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு மேசை முதல் தடவையாகக் காலியாக இருந்தது. எல்லாரும் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். முடிப்பதற்குப் புத்தகம் எதுவும் இல்லாத பெத்துராஜ் மட்டும் எழுந்திருக்கவில்லை.

செல்வராணி கதவருகே போய் நின்றாள். "எந்திரிச்சு வாங்க. இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு" என்றாள்.

"நீ உள்ள வா ராணி. பதினேழு வருஷமா வாசல்லயே நிக்கெ. அப்படி என்ன தப்பு நீ பண்ணிட்டென்னு ஒரு வாட்டி வந்துதான் பாரேன்."

அவள் உள்ளே போனாள். இத்தனை காலமும் அவள் மனசில் அந்த அறை கோணலும் மாணலுமாக, பாதி பூசின சுவரோடு இருந்தது. இங்கே மூலைகள் நேராக இருந்தன. மேசை விளிம்பு, முழங்கைகள் பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. குளத்தில் ஒரு ஆள் இடுப்பளவு தண்ணீரில் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தான். கணவன் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். பிறகு அங்கிருந்தே ஜெய்ராமுக்குப் போன் போட்டாள்.

"சார், பெஹாலா லைப்ரரில எட்டாம் நம்பர் ரூம் நான் பண்ண தப்பு. நாலை எட்டுன்னு படிச்சிட்டேன். உங்ககிட்ட இத்தனை வருஷமா மறைச்சிட்டேன்."

அவர் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அந்த அறையிலிருந்து இதுவரை எத்தனை புத்தகம் போய் வந்திருக்கிறது என்பதை ஒருமுறை தனக்குள் படித்துக்கொண்டார். மற்ற ஏழு அறைகளையும் சேர்த்தாலும் அவ்வளவு வரவில்லை.

"இப்போ எங்கேருந்து பேசறீங்க?"

"அந்த ரூம்லேருந்துதான் சார்."

"டவர் கிடைக்குதா?"

"நல்லாக் கெடைக்கி சார்."

"அப்போ எதுக்கு அதை எடுக்கணும்? பிளான்ல ஒரு ரூம் விட்டுப்போச்சுன்னு நோட் போடுங்க. நான் அப்ரூவ் பண்றேன்."

இரண்டு மணிக்குப் புதிய பதிப்பு வந்தது. அறைகள் எட்டு என்று காட்டியது. படிக்கட்டில் இருந்தவர்கள் திரும்பி வந்து அடுத்த புத்தகங்களை எடுத்தார்கள். மே மாதம் மாநகராட்சி அளவையாளர் நாடாவோடு வந்தார். கட்டடத்தை வெளியே அளந்தால் ஏழு அறைக்குத்தான் இடம் இருந்தது, உள்ளே எட்டு இருந்தது. இரண்டு தடவை அளந்துவிட்டு, உள்ளே அளந்ததையே வரைபடத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். மின்விசிறி ஒன்று மாட்டுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மாட்டினார்கள்.

செல்வராணி இப்போது மற்ற நூலகங்களின் அழைப்புகளையும் அந்த மேசையிலிருந்தேதான் எடுக்கிறாள். பின்னால் தவளைச் சத்தம் கேட்கிறதே என்று யாராவது கேட்டால், இங்கே மழை என்று சொல்லிவிட்டு, அவர்களுடைய பிரச்சினை என்ன என்று விசாரிக்கிறாள்.