வெட்டுக்கட்டை

முதல் போடில் எலும்பு பிளக்கவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது போடு எலும்புக்கு அல்ல, காலையில் பார்த்த டாக்டரின் பிடரிக்கு. அதற்குத்தான் ஆட்டுத்தொடை இரண்டானது.

கறிக்கடைப் பின்னறையில் பன்னிரண்டு வருடமாக வெட்டுபவள் அவள். அங்கே யாரும் அவளிடம் வாலாட்டியதில்லை. அப்படிப்பட்டவள் ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில், பையை மடியில் வைத்துக்கொண்டு வாயில்லாப் பூச்சியாக உட்கார்ந்திருந்தாளே!

டாக்டர் அவளுக்குக் கொடுத்தது மூன்று நிமிடம். அதில் ஒன்று போனுக்குப் போனது.

“சினைப்பையில நீர்க்கட்டி. ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு. உடம்பைக் குறைங்க, சரியாயிடும்.”

“ஆறு மாசமா பீரியட்ஸே வரல டாக்டர். முகத்துல முடி வேற. கையில பலமே இல்ல. முந்தியெல்லாம் ஒரு போடு போட்டாப் போதும், இப்ப மூணு...”

“அது சோம்பேறித்தனம்மா. நல்லா நடங்க. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க.”

வாசலுக்கு வருமுன் புருஷன் போன் செய்தான். “டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரா? அப்ப இனிமே சீன் போடாத. வாயைக் கட்டு.”

கொடுமை என்னவென்றால், அவளே பாதி நம்பிவிட்டாள். ஆறு மாதமாகத் தன் கையைத் தானே திட்டிக்கொண்டிருந்தவள்தானே.

கடையில் எல்லாக் கத்திக்கும் சாணை பிடிப்பவர் மொட்டை அண்ணன். துண்டுகளை அள்ள வந்தவர் கட்டையில் கையை ஊன்றினார்.

“என்ன தங்கச்சி, மூணு போடா? வயசாயிடுச்சு போல. தாடி மட்டும் வாலிபமா வளருது!”

இதே கேலிக்கு எத்தனையோ முறை சிரித்திருக்கிறாள். இன்று கத்தி உயர்ந்தது. அவர் விரல்கள் எங்கே இருந்தன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஓங்கினாள்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். கத்தி எலும்பில் பட்டு வழுக்கி, அவளுடைய இடது கட்டைவிரலில் இறங்கியது. போட்டிருக்க வேண்டிய இரும்புக் கையுறை சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

ரத்தம் கட்டையெல்லாம் ஓடியது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். “ஆறு மாசமா வராதது வந்திடுச்சு பாருண்ணே!” அவர் தன் மேலங்கியைக் கழற்றி விரலைச் சுற்றி, அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டார்.

“உன் விரலுக்குத்தான் ஓங்கினேன்ண்ணே.”

“தெரியும். பேசாம வா.”

அவசர சிகிச்சை அறையில் ஒரு பெண் டாக்டர் காயத்தைக் கழுவினாள். “எக்ஸ்ரே எடுக்கணும். கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்கா? கடைசியா எப்ப தலைக்கு ஊத்துனீங்க?”

“ஆறு மாசம் முன்ன. தேதி கடைச் சுவத்துல இருக்கு. சாணைக் கணக்குக்குத் தொங்குற கத்தி அட்டையில சிவப்புப் புள்ளி வைப்பேன். வீட்டுல வெச்சா மாமியார் எண்ணுவாங்க.”

மொட்டை அண்ணன் முகம் வெளுத்தது.

“அந்தப் புள்ளியா தங்கச்சி? பெரிய கத்திக்குச் சாணை பிடிக்கச் சொல்லி நீ வைக்கிறேன்னுல்ல நெனச்சேன்! புள்ளியைப் பாத்தா மறுநாளே பிடிச்சு வெச்சிடுவேன். ஆறு மாசமா புள்ளியே இல்ல. அதை நான் தொடவே இல்ல.”

அவள் அவரையே பார்த்தாள். மழுங்கியது கத்தி. அவள் கை அல்ல. காலையிலிருந்து வராத அழுகை அப்போது பொத்துக்கொண்டு வந்தது.

அவள் அழுது முடிக்கும்வரை டாக்டர் காத்திருந்தாள். பிறகு, முகத்து முடி எப்போதிலிருந்து, அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

“மூணு மாசத்துக்கு மேல வராம விடக் கூடாதுக்கா. கர்ப்பப்பை உள்ள சவ்வு தடிச்சுக்கிட்டே போகும், பின்னால பெரிய ஆபத்தாகலாம். சர்க்கரைக்கும் ஹார்மோனுக்கும் ரத்தம் பாக்கணும். வர வைக்க மாத்திரை இருக்கு. எடை குறைஞ்சா நல்லதுதான். ஆனா பாதி எடையை ஏத்துறதே இந்தக் கோளாறுதான். சோம்பேறித்தனம் இல்ல. இத்தனை நாள் ஏன் யார்கிட்டயும் காட்டல?”

“இன்னிக்குக் காலையில காட்டினேனே. இதே கட்டடம், மூணாவது மாடி.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள்.

“மொத்த உடம்போட வந்தேன், மூணு நிமிஷம். ஒரு விரலை வெட்டிக்கிட்டு வந்தா உக்காந்து கேக்குறீங்க. அடுத்த தடவை எந்த விரலைன்னு இப்பவே சொல்லிடுங்கம்மா.”

வாசலில் நின்ற மொட்டை அண்ணன் தன் பத்து விரல்களையும் மெல்ல மடக்கிக்கொண்டார்.