முப்பது வருடம் கப்பல் வராத கோட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டேன். அரைகுறையாகச் சொன்னேன். அதனால் ஒரு மனுஷன் நாலு மாசமாக வீட்டுக்குப் போகாமல் இருக்கிறான்.

இப்போது 2009 நவம்பர், புதன்கிழமை சாயங்காலம். துபாய் கராமாவில் ஆறு பேர் தங்கும் ரூமில், என் கட்டிலில் சம்மணம் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக் காலை ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும்.

2

முதல் தொடக்கம்: 'பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் சிறு அரசுகள் கடல் கடந்து...'

(அடித்துவிட்டேன். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: 'மாசிலாமணி கேட்டருகே தனியாக நின்றான். அவன் கண்களில் ஒரு...'

(அவன் கண்களில் என்ன இருந்தது என்று எனக்கெப்படித் தெரியும்? கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.)

நேராகவே சொல்கிறேன். வெள்ளைக்காரன் என்றால் நமக்கு இங்கிலீஷ்காரன், மிஞ்சிப்போனால் பிரெஞ்சுக்காரன். ஆனால் அந்தக் காலத்தில் பேர் தெரியாத ராஜாக்களுக்கெல்லாம் கடல் ஆசை பிடித்து ஆட்டியிருக்கிறது. இன்றைய லாட்வியா பக்கம் கூர்லாந்து என்று ஒரு குட்டி நாடு. அது எங்கோ கிடந்த டொபாகோ தீவுக்கு ஆள் அனுப்பிக் குடியேற்றியது, தக்கவைக்க முடியவில்லை. ஆசைப்படுவது ராஜா. போய் உட்கார்ந்திருப்பது வேறு யாரோ.

டென்மார்க்காரன் வந்தது நம் தரங்கம்பாடிக்கு. கடலோரம் கோட்டை கட்டினான். அப்புறம் சொந்த ஊரில் சண்டை, பணமுடை. 1639க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கப்பலே வரவில்லை. கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் ஒரே ஒரு டேனிஷ்காரன் மிச்சம். அவன் கோட்டையை விடவில்லை. 1669இல் கப்பல் வந்தது. கோட்டைப் பொறுப்பை அவனிடமே கொடுத்தார்கள்.

தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதுவதற்காக இதையெல்லாம் படித்தேன். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அந்த நேரம் பார்த்துக் கிடைத்தவன் மாசிலாமணி.

3

மாசிலாமணிக்குச் சொந்த ஊரே தரங்கம்பாடிதான். சுனாமிக்குப் பிறகு துபாய்க்கு வந்தவன். ஜெபல் அலி போகிற வழியில், பதினோரு மாடியோடு நின்றுபோன ஒரு சைட்டில் வாட்ச்மேன். மார்ச்சில் கம்பெனி படுத்துவிட்டது. கடைசியாகப் போன இன்ஜினியர், "நான் வர்ற வரைக்கும் கேட்டை விட்டுப் போகாதே" என்று இவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பாஸ்போர்ட்டும் அவரோடு போனது.

ஜூலையில் சங்கத்து கௌஸ் முகைதீன் பாய் அலையாய் அலைந்து, அந்தக் கம்பெனியின் லேபர் கேம்ப்பில் மாட்டியிருந்த இருபத்துமூன்று பேருக்கும், பாஸ்போர்ட் இல்லாமலே ஊர் திரும்ப உதவும் அவுட்பாஸும் டிக்கெட்டும் வாங்கிவிட்டார். இவனுக்கும் சேர்த்துத்தான். அந்த வெள்ளிக்கிழமை நான் பிரியாணிப் பொட்டலத்தோடு சைட்டுக்குப் போயிருந்தேன்.

"போகவாண்ணே, இருக்கவா?" என்று கேட்டான். "போனா ஓடிப்போனவன்னு இன்ஜினியர் கேஸ் குடுத்துடுவாரோ?"

'போடா' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே எழுத்து. நான் கதை சொன்னேன்.

"நம்ம கோட்டையா? அதுலதாண்ணே நாங்க கிரிக்கெட் பந்து எறிவோம்!" என்று வாயைப் பிளந்து கேட்டான். அப்படிக் கேட்கிற ஆள் கிடைத்தால் எழுதுகிறவனுக்குத் தலைகால் புரியாது. கடைசி ஆள், கோட்டை, கடல், கப்பல் என்று ஏற்றிக்கொண்டே போனேன். முப்பது வருடம் என்பதை மட்டும் சொல்லவில்லை. மறக்கவில்லை, சொன்னால் ஓட்டம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

இருபத்திரண்டு பேர் போனார்கள். இவன் போகவில்லை.

4

போன வாரம் எனக்கு ஒரு போன். நாகவள்ளி, அவன் மனைவி.

"அண்ணே, எல்லாரும் வந்துட்டாங்க. இவரைக் கேட்டா, கப்பல் வரும்ங்கிறாரு. என்னண்ணே கப்பல்? பைத்தியம் கியித்தியம் புடிச்சிருச்சா? நீங்கதான் ஏதோ கதை சொன்னீங்களாமே."

கட்டையில போறவனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். கௌஸ் பாய் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். மறுபடி அவுட்பாஸ் எடுத்துவிட்டார். வியாழன் காலை பிளைட். "இதுதான் கடைசி. இதுக்கு மேல என்னால முடியாது, கலாஸ்" என்றார்.

5

இன்று மத்தியானம் சைட்டுக்குப் போனேன். உட்காரக்கூட இல்லை.

"முப்பது வருஷம்டா" என்றேன்.

"என்னண்ணே?"

"கப்பல் வர முப்பது வருஷம் ஆச்சு. அன்னிக்கு நான் சொல்லல. மன்னிச்சுக்கடா."

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். திட்டுவான் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அவன் ஊர்ல அவனுக்கு யாரு இருந்தாங்க?"

"தெரியல. நான் படிச்சதுல இல்ல."

"முப்பது வருஷமும் அவங்க என்ன பண்ணுனாங்கன்னு யாரும் எழுதி வைக்கலியா?"

இல்லை என்றேன்.

உள்ளே போய் கேட் புக்கை எடுத்துவந்தான். வாசலில் யார் வந்தாலும் போனாலும் எழுதுகிற நோட்டு. எட்டு மாசமாகத் தினமும் ஒரே வரி: 'யாரும் வரவில்லை.' நான் போன வெள்ளிக்கிழமைகளைப் புரட்டிப் பார்த்தேன். அங்கேயும் அதேதான்.

"நான் வந்தேனேடா?"

"கம்பெனி ஆளு வந்தாத்தாண்ணே எழுதணும்." பிறகு காலியாக இருந்த வியாழக்கிழமை வரியில் விரலை வைத்தான். "இதை நீங்க எழுதுங்க. என் கையால கேட்டை விட்டுட்டுப் போறேன்னு எழுத வரமாட்டேங்குது. காலையில பாய் வர்றப்ப நீங்களும் வாங்க. எழுதியிருந்தா படிச்சுட்டுப் போறேன். இல்லாட்டி இருக்கேன்."

6

முடிவு அ: 'வாட்ச்மேன் ஊருக்குப் போகிறான். சாவி உள்ளே இருக்கிறது.' (அவன் எட்டு மாசமும் எதைச் சொல்லக் கூசினானோ, அதையே எழுதச் சொல்கிறீர்களா?)

முடிவு ஆ: ஒன்றும் எழுதாமல் நோட்டைத் திருப்பிக் கொடுப்பது. (நாகவள்ளிக்கு நீங்கள் போன் பண்ணுவீர்களா?)

முடிவு இ: ஒருவேளை அடுத்த வாரமே இன்ஜினியர் வந்துவிட்டால்... (இதைத்தான் அந்த டேனிஷ்காரனும் ஒவ்வொரு வாரமும் நினைத்திருப்பான். நாசமாய்ப் போக.)

நோட்டு என் மடியில் இருக்கிறது. தேதி மட்டும் போட்டிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு கௌஸ் பாயின் பழைய டொயோட்டா சைட்டு வாசலில் போய் நிற்கும். ஏசி வேலை செய்யாது, பின்கதவு கயிற்றில் கட்டியிருக்கும்.

அதைப் பார்த்து, 'கப்பல் வந்தது' என்று நான் எழுதினால் அது பொய்யா?

பொய் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். பேனாவைத் திறந்துவிட்டேன்.