கடலை மண்டியில் இங்கிலீஷ்

கறம்பக்குடிச் சந்தையில் கடலை மண்டி வைத்திருந்த ஆத்மநாதனுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் இங்கிலீஷ் தேவைப்பட்டது. வியாபாரத்துக்கு அல்ல, கடலை எந்தப் பாஷையிலும் விலை போகும். சமஸ்தானத்து அதிகாரியான ஒரு துரை ஊருக்கு வரவிருந்தார். வரவேற்புப் பத்திரத்தை யார் வாசிப்பது என்று பிரமுகர்களுக்குள் போட்டி. இங்கிலீஷிலேயே வாசிக்கிறேன் என்று ஆத்மநாதன் வாயை விட்டார். போட்டி அத்தோடு முடிந்தது. அவருக்கு ஏ, பி, சியில் சி வரைக்கும் தெரியும்.

இரண்டு மாத அவகாசம். சூசைராஜுக்கு ஆள் போனது.

சூசைராஜ் இண்டர்மீடியட் தேறியவர். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். மனைவி அடைக்கலமேரி ஒன்றரை வருஷமாகப் பிறந்த வீட்டில். உத்தியோகம் ஆனதும் வந்து கூட்டிப்போகலாம் என்று மாமனார் மரியாதையாகவே சொல்லியிருந்தார். பிரமுகர்கள் சேர்ந்து நடத்திய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் இடம் காலியாக இருந்தது. அதை வாங்கித் தருவதாக ஆத்மநாதன் வாக்குக் கொடுத்தார். ஒரே நிபந்தனை: அவர் பாடம் படிப்பது வெளியே தெரியக்கூடாது. முதலாளி ட்யூஷன் படிக்கிறார் என்றால் மண்டியில் மூட்டை தூக்குகிறவன்கூடச் சிரிப்பான்.

ஆகவே கடலை வாங்க வந்தவரைப் போலச் சூசைராஜ் கையில் சாக்கோடு வருவார். மூட்டைகளுக்கு நடுவே பாடம். பத்திரத்தை எழுதியவரும் அவரே. ஒவ்வொரு சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதி, மூச்சு விட வேண்டிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு, துரையைப் பார்த்துப் புன்னகை செய்ய வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். முதல் வாரம் ஆத்மநாதன் அதை ஏலம் கூறுவதுபோல் கத்தினார். ஆறாவது வாரம், "இப்பத்தேன் ஆரையும் வையிற மாதிரி இல்லாம இருக்கு" என்று அவர் மனைவி சொர்ணம் சான்றிதழ் கொடுத்தாள்.

துரை வந்தார். ஆத்மநாதன் கோடு இல்லாத இடத்தில் மூச்சு விடவில்லை. வட்டம் இல்லாத இடத்தில் சிரிக்கவில்லை. துரை அசந்துபோனார். பதிலுக்கு அவர் பேசியதில் ஒரு சொல்லும் விளங்காமல் ஆத்மநாதன் தலைகுனிந்து நின்றதை ஊர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட படிப்பாளியை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வேறு தலைவர் எதற்கு என்று துரை கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமே ஆத்மநாதன் தலைவர்.

அன்றே சூசைராஜ் மனைவிக்குக் கடிதம் போட்டார்: பெட்டியைக் கட்டி வை.

இண்டர்வியூவில் ஆத்மநாதன் அவரை முன்பின் பார்த்திராதவரைப் போல ஏறிட்டார். பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் விசாரித்தார். இந்த நாடகமும் தன் நன்மைக்கே என்று நினைத்துச் சூசைராஜ் ஒழுங்காகப் பதில் சொன்னார். அப்போது முத்துராமன் என்ற கமிட்டி மெம்பர், நல்ல எண்ணத்தோடுதான், வாயைத் திறந்தார்.

"எம் பேரனுக்கு இவருதேன் பாடம் சொல்லிக்குடுக்குறாரு. கெட்டிக்காரரு. ஒங்க மண்டிப் பக்கங்கூட அடிக்கடி பாத்துருக்கேனே."

ஆத்மநாதன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அதேன் யோசிக்கிறேன். வீடு வீடா ட்யூஷனுக்கு அலையிற ஆளு. பள்ளிக்கூடத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்குல்ல?"

இடம் தஞ்சாவூர்க்காரர் ஒருவருக்குப் போனது.

மறுநாள் மண்டியிலிருந்து ஆள் வந்தது. போகக்கூடாது என்று தீர்மானித்துவிட்டு, சூசைராஜ் போனார்.

"மனசுல வச்சுக்காதீங்க சார்." ஆத்மநாதன் குரலைத் தாழ்த்தினார். "ஒங்கள உள்ள விட்டா, நான் ஆருகிட்ட படிச்சேன்னு ஊரு கண்டுபிடிச்சிரும். இப்ப என் இங்கிலீஷு என் ஒருத்தன் சமாச்சாரமா? இந்த ஊரு மானமுல்ல?"

சூசைராஜ் கையிலிருந்த சாக்கை மடித்தார்.

"திங்கக்கெழமை புது வாத்தியாரு சேர்றாரு. தலைவருங்கிற மொறையில நாலு வார்த்தை வரவேத்துப் பேசணும். கொஞ்சம் கடுசா இருக்கட்டும்; அவரும் இங்கிலீஷ் படிச்ச ஆளு."

அடைக்கலமேரிக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதை எந்தப் பாஷையில் தொடங்குவது என்று சூசைராஜுக்குத் தெரியவில்லை. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார்.

"அவரு பேரு என்னங்க?" என்றார்.