ஒன்பதாம் பக்கத்துப் பயனாளி

"அண்ணி, மூணாம் பக்கத்துல உங்க பேரை எடுத்துட்டு நம்ம பையன் பேரைப் போட்டுருங்க."

கொழுந்தனார் இதைச் சொன்னபோது அவர் கையில் டீ கிளாஸ் இருந்தது. அண்ணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். விண்ணப்பம் அனுப்ப இன்னும் இரண்டு நாள்தான் பாக்கி. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். புருஷனும் பெண்டாட்டியும் முன்பே பேசி முடித்த விஷயம் இது என்று அண்ணிக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாம் பக்கத்தில் 'திட்டப் பொறுப்பாளர்' என்று ஒரு கட்டம். நிதி கொடுக்கும் நிறுவனம் மூன்று வருஷத்துக்கு அந்தக் கட்டத்தில் இருக்கும் ஆளோடுதான் பேசும். வேலையும் சம்பளமும் அந்த ஆளுக்குத்தான். இடையில் மாற்ற முடியாது. இத்தனை வருஷத்தில் அண்ணி தன் பெயரைத் தானே டைப் அடித்துக்கொண்டது இந்த ஒரு கட்டத்தில்தான்.

"ஏன் தம்பி?" என்றாள்.

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. புதுசா ஒரு நல்ல காரியம் தொடங்குறோம். முன்னால நிக்கிற முகம் துக்கப்பட்ட முகமா இருக்க வேண்டாம்னு பாக்குறேன்."

"ஆமாக்கா," என்று சமையலறையிலிருந்து ஓரகத்தி ஒத்து ஊதினாள். "புருஷன் இல்லாதவங்களை முன்னால நிறுத்துனா ஊரு என்ன சொல்லும்?"

இந்த ஊர் இருக்கிறதே, அதற்கு வேறு வேலை கிடையாது. ஒரு பெண்ணுக்குப் புருஷன் செத்த நாளிலிருந்து அவள் எங்கே நிற்கிறாள், எங்கே உட்காருகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அவள் பின்கட்டில் எலும்பு தேய உழைத்தால் மட்டும் அதற்குக் கண் தெரியாது.

கீழ்த்தளத்தில் இரண்டு அறையில் நடக்கும் இலவச மருத்துவமனை அவள் புருஷன் ஓர் அறக்கட்டளை வைத்து ஆரம்பித்தது. அவர் டாக்டர். வீடும் அவர் கட்டியதுதான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் போனதும், இழுத்து மூடிவிடலாம் என்று சொன்னவர் இதே கொழுந்தனார். வெளியிலிருந்து டாக்டர்களை வரவழைத்து, மூடவிடாமல் பிடித்து நிறுத்தியவள் அண்ணி. கல்யாணத்துக்கு முன் சுகாதார அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவள் என்பதால் ஃபாரம் என்றால் பயம் கிடையாது. எந்த நிறுவனம் எதற்குக் கொடுக்கும் என்று தேடித் தேடிப் படித்தாள். ஒன்று மருந்துக்குக் கொடுக்கும், சம்பளத்துக்குக் கொடுக்காது. ஒன்று கர்ப்பிணிகளுக்கு மட்டும். இன்னொன்றுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் குறைந்தது என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். முதல் வருஷம், பயிற்சிக்கு மட்டுமே கொடுக்கிற இடத்தில் ஊசியும் பஞ்சும் கேட்டு எழுதினாள். திரும்பி வந்தது. ஏன் மறுத்தீர்கள் என்று அவர்களுக்கே போன் போட்டுக் கேட்டாள். மறுமுனையில் இருந்த பெண் சிரித்துவிட்டு, அரைமணி நேரம் பாடம் சொல்லிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எழுதியதில் பெரும்பாலும் பலித்தது.

வந்த கடிதங்களெல்லாம் 'மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு' என்று, அறக்கட்டளைச் செயலாளரான கொழுந்தனார் பெயருக்கு வந்தன. அவர் அவற்றுக்குக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினார். அண்ணியின் கை மட்டும் அந்த வீட்டுக்கு ராசியான கை. முகம்தான் ராசியில்லாத முகம்.

இந்த முறை கேட்பது சர்க்கரை நோயாளிகளின் காலைக் காப்பாற்றுகிற திட்டத்துக்கு. போன வருஷம் மட்டும் அவர்களிடம் வந்த மூன்று பேருக்குக் காலை எடுத்தார்கள். ஆரம்பத்திலேயே புண்ணைக் கழுவிக் கட்டியிருந்தால் மூன்று பேரும் இன்று நடந்து போவார்கள். அண்ணி நான்கு மாதம் உட்கார்ந்து எழுதிய திட்டம் அது. கொழுந்தனாரின் மகனுக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. படித்து முடித்து மூன்று வருஷமாகியும் எந்த வேலையிலும் ஒரு மாதம் தரித்திராத பிள்ளை அவன். கல்யாணத்துக்குப் பெண் தேடுகிறார்கள். ஒரு பதவி வேண்டும்.

அண்ணி பெயரை அழித்தாள். பையன் பெயரை அடித்தாள்.

சண்டையில்லாமல் முடிந்ததில் கொழுந்தனாருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தார். அது 'பயனாளியின் கதை' எழுத வேண்டிய பக்கம். உதவி பெற்ற ஒருவருடைய வாழ்க்கையைப் போட்டோவோடு போட வேண்டும்.

"இதுக்கு எதுக்கு அலையணும்? உங்க கதையவே போட்டுருவோம். படிக்கிறவன் கண்ணு கலங்கிரணும். நான் சொல்லச் சொல்ல அடிங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். 'கணவரை இழந்து கதியற்று நின்ற இந்தப் பெண்ணுக்கு எங்கள் அறக்கட்டளை அடைக்கலம் கொடுத்தது. இன்று இவர் எங்கள் நிழலில் கௌரவமாக வாழ்கிறார்.' தன் புருஷன் கட்டிய வீட்டில் உட்கார்ந்து, தான் காப்பாற்றிய அறக்கட்டளை தன்னைக் காப்பாற்றியதாக எழுதினாள். ஒரு எழுத்துப் பிழை விழவில்லை.

நிர்வாகக் குழு என்று அடுத்து ஒரு பட்டியல். ஏழு பேர் வேண்டும், அதில் நான்கு பேர் பயனாளிகளாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் விதி. குடும்பத்திலிருந்து மூன்று பேர் தயார்: கொழுந்தனார், அவர் மனைவி, மகன்.

"பின்வாசல் வரிசையில நிக்கிறவங்கள்ல மூணு பேரை எழுதிருங்க. எப்பவும் போலத்தான், அவங்களுக்கா தெரியப் போகுது," என்றவர், தனக்கே ஒரு வேடிக்கை தோன்றிச் சிரித்தார். "நாலாவது ஆளுதான் நீங்களே இருக்கீங்களே அண்ணி. இப்பத்தானே பயனாளி ஆனீங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அண்ணி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அப்படியே போட்டுரட்டுமா தம்பி?"

"போடுங்க, போடுங்க."

பன்னிரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். படிக்காமல் கையெழுத்துப் போடுவது பெரிய மனிதத்தனம் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பதினோராம் பக்கத்தில், அதிகாரி நேரில் பார்க்க வரும் நாளில் நிர்வாகக் குழு கூடி, அவர் முன்னிலையில் கைதூக்கித் திட்டப் பொறுப்பாளரை உறுதி செய்ய வேண்டும் என்று அச்சடித்திருந்தது. அண்ணி அதில் எதையும் சேர்க்கவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆறு வாரம் கழித்து அதிகாரி வருகிற தேதி தெரிந்தது. அன்று மத்தியானமே அண்ணி மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். குழுவுக்கு அண்ணி எழுதிய முதல் பெயர், அங்கே மீன் வெட்டுகிறவளுடையது. இடது காலில் ஆறாத புண், அண்ணிதான் வாராவாரம் கட்டுப் போடுகிறாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இதுக்கு முன்னாலயும் எங்க பேரை எழுதியிருக்கீங்களா?"

"எழுதியிருக்கேன்."

"அவரு கேக்க மாட்டாரு, சரி. நீங்களும் ஒரு வார்த்தை கேக்கலையே அண்ணி?"

அண்ணிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தன்னை ஒரு பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள் என்று ஆறு வாரமாகக் கொதித்துக்கொண்டிருப்பவள், இத்தனை வருஷமாக இவர்களை அதே மாதிரி ஒட்டிக்கொண்டுதான் இருந்தாள். அப்போது அது வலிக்கவில்லை.

"கேக்கல. தப்புதான். இப்பக் கேக்குறேன்."

மீன்காரி ஈரக் கையை மடியில் துடைத்தாள். "வர்றேன். மத்த ரெண்டு பேரையும் நானே கூட்டிட்டு வர்றேன். ஆனா ஒண்ணு, பின்வாசல் பக்கம் வரமாட்டேன். முன்வாசல் வழியாத்தான் வருவேன்."

அந்த வீட்டின் முன்வாசல் குடும்பத்துக்கு மட்டும். நோயாளிகள் சந்துக்குள் போய், குப்பைத் தொட்டியைத் தாண்டி, பின்வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். மழை பெய்தாலும் அதே வரிசைதான்.

அதிகாரி வந்த நாளன்று கொழுந்தனார் முன்னறையைத் துடைத்து வைத்து, சோபாவுக்குப் புது உறை போட்டிருந்தார். அண்ணியை உள்ளே இருக்கச் சொன்னார். கூப்பிடும்போது மட்டும் வந்து, அடைக்கலம் கிடைத்ததைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும், குரல் தழுதழுத்தால் நல்லது என்றார். அண்ணி தலையாட்டிவிட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொண்டாள்.

அதிகாரி ஐம்பது வயதுப் பெண், அதிகம் பேசாதவள். உட்கார்ந்ததும் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து, நிர்வாகக் குழுவைப் பார்க்க வேண்டும் என்றாள். கொழுந்தனார் தயாராகத்தான் இருந்தார். பயனாளிகள் எல்லோரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், பாவம், லீவு கிடைக்காது என்று உருகினார். அவர் உருகி முடிப்பதற்குள் முன்வாசல் மணி அடித்தது.

மீன்காரி, தையல்காரி, தெரு கூட்டுகிறவள் என்று மூன்று பேரும் உள்ளே வந்தார்கள். மீன்காரி நேராகப் போய்ப் புது உறை போட்ட சோபாவில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலை மெதுவாக நீட்டிக்கொண்டாள். ஓரகத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தப் போனவள், அதிகாரி தன்னைப் பார்ப்பதைக் கண்டு கையை இறக்கிவிட்டாள்.

அதிகாரி பெயர்களைச் சரிபார்த்தாள். பிறகு திட்டப் பொறுப்பாளரை உறுதி செய்ய வேண்டும் என்று பதினோராம் பக்கத்தை நிதானமாகப் படித்துக் காட்டினாள். கொழுந்தனார் அந்த வரிகளை அன்றுதான் முதல் முறையாகக் கேட்டார்.

பையனைப் பார்த்து, வாரத்துக்கு எத்தனை பேர் கால் புண்ணோடு வருகிறார்கள் என்று அதிகாரி கேட்டாள். பையன் அப்பாவைப் பார்த்தான். அப்பா சுவரைப் பார்த்தார். கடைசியில் பையன் சமையலறை வாசலைப் பார்த்து, "பெரியம்மாவுக்குத்தான் தெரியும்," என்றான். அவன் கெட்ட பிள்ளையில்லை. எதையும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவனுக்கு வந்ததேயில்லை.

அண்ணிதான் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்று தையல்காரி சொன்னாள். அதிகாரி கைதூக்கச் சொன்னாள். பையனுக்கு மூன்று கை, அண்ணிக்கு மூன்று கை. சரிக்குச் சரி.

அதிகாரி பட்டியலில் விரலை ஓட்டினாள். "ஏழாவதா ஒருத்தங்க இருக்காங்களே."

"அது எங்க அண்ணிங்க," என்றார் கொழுந்தனார் அவசரமாக. "அவங்களை எப்படிக் கணக்குல எடுக்கிறது? அவங்க எங்க வீட்டு ஆளு."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "வீட்டு ஆளுன்னா, ஒன்பதாம் பக்கத்துல கதியில்லாம நின்னாங்க, அடைக்கலம் குடுத்தோம்னு எழுதியிருக்கீங்களே, அது பொய்யா?"

பொய் என்றால் விண்ணப்பமே போயிற்று. மெய் என்றால் அவளுக்குக் கை உண்டு.

"பொய்... இல்லைங்க," என்றார்.

அண்ணி சமையலறை வாசலைத் தாண்டி வந்தாள். முன்னறையின் நடுவில், கண்ணாடி போட்டு மாட்டிய கடிதங்களுக்கு எதிரே நின்று, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வலது கையைத் தூக்கினாள். குரல் தழுதழுக்கவில்லை. பேசினால்தானே தழுதழுக்கும்.

போவதற்கு முன் அதிகாரி ஒரு விஷயம் சொன்னாள். பொறுப்பாளரின் கதையே பயனாளிப் பக்கத்தில் இருக்கக் கூடாதாம். மூன்றாம் பக்கத்தையும் ஒன்பதாம் பக்கத்தையும் மாற்றி, செயலாளரின் கையெழுத்தோடு சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும்.

அன்று மத்தியானம் அண்ணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். மூன்றாம் பக்கத்தில் பையன் பெயரை எடுத்துத் தன் பெயரை அடித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தாள். பையனைக் கூப்பிட்டாள். டோக்கன் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது, இனி வரிசை முன்வாசலில்தான் நிற்கும், செய்கிறாயா என்றாள். வேறு வழியில்லாமலோ, உண்மையிலேயே விரும்பியோ, செய்கிறேன் பெரியம்மா என்றான். அவனை அங்கேயே நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

கொழுந்தனாரிடம் இரண்டு பக்கத்தையும் நீட்டினாள். இந்த முறை அவர் படித்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

'மூன்று வருடமாக வேலையின்றிக் கதியற்று நின்ற இந்த இளைஞருக்கு எங்கள் அறக்கட்டளை அடைக்கலம் கொடுத்தது. இன்று இவர் எங்கள் நிழலில் கௌரவமாக வாழ்கிறார்.' மேலே பையனின் போட்டோ.

அவர் சொல்லிக் கொடுத்த வாசகம்தான். அவள் இரண்டு மூன்று வார்த்தைதான் மாற்றியிருந்தாள். கொழுந்தனாரின் காது சிவந்துவிட்டது. ஓரகத்தி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"பொண்ணு பாத்துட்டு இருக்கோம் அண்ணி," என்றார் கொழுந்தனார். "இதை ஊரே படிக்குமே."

"பதினோரு வருஷமா நீங்களே படிக்கல தம்பி," என்றாள் அண்ணி. "ஊரா படிக்கப் போகுது?"

பேனாவைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். பிறகு முன்வாசல் கதவைத் திறந்து வைக்கப் போனாள். மீன்காரி கட்டு மாற்ற வந்திருந்தாள்.