பலகையின் மஞ்சள் முனை

எனக்கு மூக்கு மேல கோபம்னு எங்க குடும்பத்துல எல்லாருக்கும் தெரியும். நான் ஓட்டுறது டவுன் பஸ். முன்னாடி நிக்கிற வண்டி நகரலன்னா ஹாரன் அடிச்சே பழகின கை. அக்கா நான் இப்படின்னா, என் தங்கச்சி நேர் எதிர். பல் டாக்டர்கிட்ட உதவிக்கு இருக்கா. நாற்காலியில நடுங்கிக்கிட்டு உக்காந்திருக்கவங்க தோளைத் தட்டி, "இன்னும் ரெண்டே நிமிஷம்"னு சொல்லிச் சொல்லியே வாயைத் திறக்க வைக்கிறவ. ஒரே வீட்டுல நாங்க ரெண்டு பேரும் அவளோட நாய் பொத்தானும் இருக்கோம். குட்டியா வந்தப்போ மூக்கு சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்துச்சு, அதான் அந்தப் பேரு.

பொத்தானை அவ தடை ஓட்டப் பந்தயத்துக்குப் பழக்கினா. வளையத்துக்குள்ள தாவுறது, துணிக் குழாய்க்குள்ள புகுந்து வர்றது எல்லாம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. சீசா மட்டும்தான் பாக்கி. சின்னப் புள்ளைங்க ஆடுறதேதான். உக்கார இடம் இல்லாம ஒரே நீளப் பலகை, ரெண்டு முனையிலயும் மஞ்சள் பெயின்ட். நாய் ஒரு முனையில ஏறி நடக்கணும். நடுவைத் தாண்டினதும் பலகை சாஞ்சு தரையில 'டமார்'னு மோதும். அது வரைக்கும் குதிக்காம அந்த மஞ்சள்ல நிக்கணும்.

அவ பழக்கின விதம் இருக்கே, எனக்குப் பொறுக்காது. பின்வாசல்ல பலகையைப் போட்டு, இறங்குற முனைக்கு அடியில செங்கல் அடுக்கி, ரெண்டு விரல் அளவு மட்டும் சாயுற மாதிரி வெச்சா. 'டக்'னு சத்தம் வரும், உடனே வாயில ஒரு துண்டு கோழி. வாரத்துக்கு ஒரு செங்கல்தான் எடுப்பா. சத்தம் வந்தா நல்லது நடக்கும்னு அவன் மண்டையில ஏறணுமாம். "இந்த வேகத்துல போனா அவனுக்குப் பல்லு கொட்டின பிறகுதான்டி பந்தயம்"னு நான் கிண்டல் பண்ணுவேன். அவ சிரிச்சுட்டு அடுத்த துண்டை எடுப்பா.

பந்தய அணிக்கு நாய் எடுக்குறதுக்கு ஒரு மாசம் முன்னாடி அவ ரெண்டு நாள் வெளியூர் போனா. அப்போ இன்னும் ஆறு செங்கல் இருந்துச்சு. வந்ததும் அவளை அசத்தணும்னு ஆறையும் எடுத்துட்டேன். பொத்தான் நடுப்பலகையில போய் நின்னுட்டான். "ஏறுடா"ன்னேன். நகரல. எனக்குக் கோபம் வந்துடுச்சு. மஞ்சள் முனைப் பக்கம் நின்னு கழுத்துப் பட்டையைப் பிடிச்சு ஒரே இழுப்பு. பலகை விழுந்துச்சு, அவன் கால் வழுக்கி, தாடை முனையில மோதுச்சு. அவன் கத்தின கத்து இன்னிக்கும் காதை விட்டுப் போகல. கட்டிலுக்கு அடியில போனவன் சாயங்காலம் வரைக்கும் வெளிய வரல.

செங்கலைப் பழையபடி அடுக்கி வெச்சேன். அவ வந்து, "ஏன்க்கா இவன் ஒரு மாதிரி இருக்கான்?"னு கேட்டா. "வயிறு சரியில்ல போல"ன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாச்சு.

அதுக்கப்புறம் பொத்தான் பாதிப் பலகை வரைக்கும் போவான், திரும்பிப் பாப்பான், குதிச்சுடுவான். நான் சமையலறைக் கதவுல நின்னு பாத்துட்டே இருப்பேன். என் பக்கத்துலயும் வர மாட்டான். "டீசல் நாத்தம் பிடிக்கல அவனுக்கு"ன்னு சமாளிச்சேன். தங்கச்சி பழியைத் தன் மேலயே போட்டுக்கிட்டா. "என் கையில மருந்து வாசனை அடிக்குதோ?"ன்னு வேலையிலேருந்து வந்ததும் எலுமிச்சை போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுவா. விரல் நுனியெல்லாம் தோலுரிஞ்சு போச்சு. அதைப் பாத்துக்கிட்டும் வாயை மூடிட்டு இருந்தேனே, நானெல்லாம் ஒரு அக்கா!

ஒரு சனிக்கிழமை காலையில பயிற்சி மைதானத்துல அணிக்கு நாய் எடுக்குறதா இருந்துச்சு. முந்தின நாள் சாயங்காலம் தங்கச்சி துணி மடிச்சுட்டே சொன்னா: "நாளைக்கும் ஏறலன்னா இவனை விசிலம்மாகிட்டயே குடுத்துடலாம்னு இருக்கேன்க்கா. ஆசையாக் கேட்டாங்க. நல்ல நாய். என்கிட்ட இருந்து வீணாப் போகுது." விசிலம்மாங்கறது அங்க பயிற்சி குடுக்குறவங்க, எந்நேரமும் கழுத்துல விசில் தொங்கும். சொல்லிடணும்னுதான் வாயைத் திறந்தேன். "உளறாத, போய்ச் சாப்பிடு"ன்னுதான் வந்துச்சு.

மைதானத்துல அந்த சீசா நட்டநடுவுல இருந்துச்சு. செங்கல் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மூணு வாய்ப்பு. கயித்துக்கு இந்தப் பக்கம் ஜனங்களோட ஜனமா நான் நின்னேன். எனக்கு நேரா மஞ்சள் முனை.

முதல் தடவை பொத்தான் வேகமா ஏறினான், நடுவுல நின்னான், குதிச்சான். விசிலம்மா ஒரு விரல் காட்டினாங்க. ரெண்டாவது தடவை மெதுவா வந்தான். பலகை லேசா ஆடுச்சு. தலையைத் தூக்கினான். காது ரெண்டும் பின்னாடி படிஞ்சுச்சு. குதிச்சுட்டான்.

"பலகையப் பாக்கலம்மா இவன்," விசிலம்மா தங்கச்சிகிட்ட சொன்னாங்க. "அந்தப் பக்கம் வேற எதையோ பாக்குறான்."

எதைன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு நின்ன மாதிரியே, அதே முனையில நிக்கிறேன் பாவி. கமுக்கமா நழுவி, நாங்க வந்த வேனுக்குப் பின்னாடி போயிட்டா அவன் ஏறிடுவான், ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டு அடி நகர்ந்தும் போயிட்டேன். பொய் சொல்லல.

அப்போதான் தங்கச்சி முட்டி போட்டு உக்காந்து அவன் கழுத்துப் பட்டையைத் தடவினா. வாரை எடுத்து மாட்டினா. "மூணாவது வேணாம்மா," விசிலம்மாகிட்ட வாரை நீட்டினா. "என் கை ராசியில்ல. நீங்களே கூட்டிட்டுப் போங்க."

"உன் கை இல்லடி!" மைதானமே திரும்புற மாதிரி கத்திட்டேன். "நான்தான்! நீ ஊர்ல இல்லாதப்போ செங்கலை எடுத்துட்டு இழுத்தேன். அடிபட்டுச்சு அவனுக்கு. வயிறு சரியில்லன்னு சொன்னது பொய். என்னைப் பாத்துதான் நிக்கிறான். நீ ஒண்ணும் பண்ணலடி, நீ ஒண்ணுமே பண்ணல!"

தங்கச்சி என்னைப் பாக்கல. தன் விரல்களைப் பாத்தா, ஒவ்வொண்ணா. நீட்டின வாரை மெதுவா இழுத்துக்கிட்டா.

"வேனுக்குப் பின்னாடி போ"ன்னா. அக்கான்னு சொல்லல.

போனேன். வேன் தகரத்துல முதுகைச் சாச்சுக்கிட்டு நின்னேன். ஒண்ணும் தெரியல, காது மட்டும்தான். விசில் ஊதுச்சு. பலகையில நகம் பதியிற சத்தம், டிக் டிக் டிக். நின்னுடுச்சு. போச்சுடா, குடிகெடுத்தேன்னு கண்ணை மூடினேன். ஒரு டிக். இன்னொண்ணு.

டமார்!

அவன் கத்தல. "நல்ல பையன்"னு தங்கச்சி குரல் உடைஞ்சு கேட்டுச்சு. அப்புறம் கைதட்டல். நான் தகரத்தைப் பாத்து அழுதேன்.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவ பின்சீட்டுல பொத்தானோட உக்காந்திருந்தா. திட்டியிருந்தாக்கூடத் தேவலை. வாசல்ல இறங்கினதும் கோழி டப்பாவை என் கையில திணிச்சா.

"நாளைலேருந்து செங்கல் அடுக்கு. முதல்லேருந்து. நீ."

"அவன்தான் ஏறிட்டானேடி?"

"அவனுக்கு இல்ல."

பதினொரு நாள் என் கையிலேருந்து அவன் ஒரு துண்டு வாங்கல. டப்பாவை வெச்சுக்கிட்டு மஞ்சள் முனைக்குப் பக்கத்துல தரையில உக்காந்திருப்பேன், அவன் தூரமா படுத்திருப்பான். பன்னிரண்டாம் நாள் வந்தான். வாரத்துக்கு ஒரு செங்கல் எடுத்தேன், ஒண்ணே ஒண்ணு. கடைசிச் செங்கல் போன அன்னிக்குப் பலகை 'டமார்'னு என் முழங்கால் பக்கத்துல விழுந்துச்சு. தூக்கிவாரிப் போட்டுச்சு எனக்கு. பொத்தான் மஞ்சள்ல அசையாம நின்னு, 'டப்பாவைத் திற'ங்கிற மாதிரி என் மூஞ்சியையே பாத்தான்.

சமையலறைக் கதவுல தங்கச்சி நின்னுட்டிருந்தா.

"குடுக்கா"ன்னா. "காத்துட்டிருக்கான் பாரு."