தெரிந்தவர் ஒருவருக்காக

1

இது கதையாகப் பிறந்ததல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படாதீர்கள். பதிப்பாளர் ஒருவர் சாதாரண மனிதர்களுக்கான சட்ட வழிகாட்டி ஒன்றைக் கொண்டுவர நினைத்தார். வேலை, சொத்து, குடும்பம் என்று மூன்று பகுதிகள்.

"சட்டத்த எல்லாம் வக்கீலுங்க எழுதிடுவாங்க. நீங்க ஒவ்வொரு பகுதிக்கும் முன்னாடி ஒரு குட்டிக் கதை மட்டும் எழுதிக் குடுங்க. படிக்கிறவங்க கொட்டாவி விடாம உள்ள போகணும், அவ்வளவுதான்" என்றார்.

எழுதினேன். முதல் பகுதிக்கு, படுத்த படுக்கையான அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காகத் தொழிற்சாலை வேலையைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்ட ஒரு பெண். இரண்டாவதற்கு, இறந்துபோன அப்பாவின் வீட்டில் தன் பங்கை எழுதிக் கொடுக்கப்போகும் ஒரு பெண். மூன்றாவதற்கு, தம்பியிடம் 'முடியாது' என்று ஒருமுறைகூடச் சொல்லியிராத ஒரு பெண். மூன்றையும் சேர்த்து வைத்துப் படித்தபோதுதான் உறைத்தது, மூவரும் ஒருத்தியேதான். வேலையை விட்டதால் அவளுக்கு அந்த வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. முடியாது என்று சொல்லத் தெரியாததால் அந்த வீடும் கைநழுவப்போகிறது.

"அப்ப இவங்கள எந்தப் பகுதில போடுறது?" என்று பதிப்பாளர் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை, விலகிக்கொண்டேன். வேறு யாரோ எழுதி அவருடைய புத்தகம் வந்துவிட்டது, நன்றாகவே இருக்கிறது. அவள் மட்டும் என்னிடம் தங்கிவிட்டாள்.

2

தொடக்கங்கள்.

'மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில்—'

வேண்டாம். எனக்கு ஒன்றும் தோன்றாத நாளிலெல்லாம் என் கதைகளில் மழை பெய்கிறது.

'தம்பி என்றால் அவளுக்கு உயிர். அந்த உயிரே ஒருநாள்—'

இதுவும் வேண்டாம். வாக்கியம் முடிவதற்குள் தம்பி வில்லனாகிவிடுவான். அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்பதுதான் இந்தக் கதையின் சங்கடமே.

'வக்கீலம்மா பெயர் கேட்பதில்லை.'

இது நிற்கிறது. இங்கிருந்து போகிறேன்.

3

வக்கீலம்மா பெயர் கேட்பதில்லை.* படிப்பகத்தின் மாடியில், வாரத்தில் ஒரு நாள் காலை, இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிறார். ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள், முனகிக்கொண்டே சுற்றும் மின்விசிறி. அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு. பெஞ்சில் காத்திருப்பவர்களின் காதுகளெல்லாம் தடுப்பின் மேல்தான் இருக்கும். அதனாலோ என்னவோ, அந்த அறைக்கு யாரும் தனக்காக வருவதில்லை.

"தெரிஞ்சவங்க ஒருத்தங்களுக்காகக் கேக்குறேன்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். தெரிந்தவரை முதலாளி திடீரென்று நிறுத்திவிட்டார். தெரிந்தவரின் மாமியார் நகையைத் திருப்பித் தரவில்லை. தெரிந்தவரின் புருஷன் கைநீட்டுகிறான். (இதைச் சொன்ன பெண், தெரிந்தவருக்கு எங்கே அடிபட்டது என்பதைத் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.) வக்கீலம்மா அந்தத் 'தெரிஞ்சவங்க' திரையை விலக்குவதே இல்லை. "அவங்களுக்குச் சொல்லுங்க" என்றே பேசி முடிப்பார். வந்த புதிதில் ஒருமுறை "அது நீங்கதானே?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார். கேட்கப்பட்டவள் எழுந்து போனாள், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

* உண்மையில் பெயர் கேட்டாக வேண்டும். யார் நீங்கள், எதிர்ப்பக்கம் யார் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் ஒரு வக்கீல் வாயைத் திறக்கலாம். இல்லாவிட்டால் ஒரே விவகாரத்தில் இரண்டு பக்கத்துக்கும் யோசனை சொல்லிவிட நேரும். வக்கீலம்மாவுக்கு இது தெரியாமலில்லை. பெயர் கேட்டால் ஆள் வராது என்பதும் தெரியும். ஆள் வரட்டும் என்று முடிவெடுத்தார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

4

ஒருவன் வந்தான். தலைக்கவசத்தை மேசைமேல் வைக்கலாமா என்று கேட்டான். வைக்கச் சொல்லியும் மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்காக மேடம்."

"சொல்லுங்க. அவருக்கு என்ன?"

நண்பனின் அப்பா இறந்துவிட்டார். வீடு அப்பா பெயரில். வாரிசு என்று நண்பனும் அவன் அக்காவும்தான். நண்பனுக்கு மனைவி, பிள்ளைகள், எல்லோரும் ஒரே அறைக்குள். பழைய வீட்டை இடித்துக் கட்ட வேண்டுமென்றால் பத்திரம் ஒரே பெயரில் இருக்க வேண்டும். அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தரச் சம்மதித்துவிட்டாள்.

"அக்கா தங்கமானவங்க மேடம். அம்மா போனதுல இருந்து அவங்கதான் என்னைய... அவன வளத்தாங்க."

வக்கீலம்மா காதில் விழாததுபோல் இருந்தார். "அப்புறம் அவருக்கு என்ன கவலை?"

"நாளைக்கு யாராச்சும் அக்காவ ஏத்திவிட்டு, 'தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன்'னு கோர்ட்டுக்குப் போயிட்டா?"

இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் வக்கீலம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். பதில் தயாராக இருந்தது. விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். "எல்லாத்தையும் விட முக்கியம், அந்த அக்காவ அவங்களாவே தனியாப் போயி ஒரு வக்கீலப் பாக்கச் சொல்லுங்க. உங்க ஃப்ரெண்டு கூடப் போகக் கூடாது. தெரிஞ்சு, யோசிச்சுத்தான் போட்டாங்கன்னு இருந்தா பின்னாடி யாரும் அசைக்க முடியாது."

அவன் நன்றி சொல்லி எழுந்தான். போகாமல் நின்றான்.

"அவன் அப்பா கடைசில பேச்சில்லாம கெடந்தாரு மேடம். கூப்பிடுறதுக்குன்னு கட்டில்ல ஒரு சைக்கிள் மணி கட்டி வெச்சிருந்தாங்க. எப்ப அடிச்சாலும் அக்காதான் ஓடுவாங்க. அவன் தலகாணிய காதுல அமுக்கிட்டுப் படுத்துக்குவான். அதான், இதாவது மொறையா நடக்கணும்னு நெனைக்கிறான்."

(அவனைக் கெட்டவனாக எழுதிய பக்கங்களைக் கிழித்துப் போட்ட பிறகு அவன் வாயிலிருந்து வந்த பேச்சு இது. இனி அவனை வெறுக்க என்னால் ஆகாது.)

5

அக்காவைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். இவ்வளவு நல்லவளை யார் நம்புவார்கள்? பெண்ணைத் தியாகத்தில் முக்கியெடுத்து எழுதுவது நம் கைக்குப் பழகிப்போன வேலை. அதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே அவளைப் பேசவிட்டேன்.

அவள் வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தையே அந்த அறையில் யாரும் சொல்லாதது.

"எனக்காகத்தான் மேடம் வந்தேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சு கப்சிப். வக்கீலம்மாவின் பேனா நின்றது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் சரிபார்க்கிற வேலை பார்த்தவள். சொல்லாமல் நின்றுவிட்டாள், திரும்பப் போனால் எடுப்பார்களா என்பது அவளுடைய முதல் கேள்வி. வக்கீலம்மா மூச்சு விடாமல் பதில் சொன்னார். அப்பாவின் மருத்துவச் சீட்டுகளை இணைத்து எழுதிக் கேட்கலாம், மறுத்தால் எங்கே போகலாம் என்று எல்லாமும்.

"இன்னொண்ணு. அப்பா வீட்ல என் பங்க தம்பிக்கு எழுதிக் குடுக்கப் போறேன். 'நீயா தனியாப் போயி ஒரு வக்கீலப் பாத்துட்டு வாக்கா'ன்னு அவன்தான் அனுப்புனான். மதியம் பத்திர ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கான். கையெழுத்துப் போடலாமா?"

"உங்களுக்குப் போட விருப்பமா?"

அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"அப்பா கட்டில்ல ஒரு சைக்கிள் மணி இருக்கும் மேடம். ஒருநாள் தாங்க முடியல. அதக் கழட்டித் துணில சுத்தி அலமாரில வெச்சிட்டுத் தூங்கிட்டேன். காலைல போயிப் பாத்தா, அந்த மனுஷன் வெறும் கம்பிய கட்டைவெரலால அமுக்கிட்டுக் கெடக்குறாரு. அந்த வீட்ட விட்டுப் போனா இதெல்லாம் மறந்துடுமான்னும் தோணுது. போனா எங்க போயி நிப்பேன்னும் தோணுது. தம்பி 'உனக்கு எப்பவும் ஒரு ரூம் இருக்குக்கா'ங்குறான். நல்லவன்தான். அவன் பொண்டாட்டியும் நல்லவதான். ஆனா அது அவங்க குடுக்குற ரூமு மேடம்."

மணி என்ற சொல்லிலேயே வக்கீலம்மாவுக்குப் புரிந்துவிட்டது, தலைக்கவசக்காரனின் அக்கா இவள்தான்.

6

இங்கே கதை வாரக்கணக்கில் நின்றுபோயிற்று. முடிச்சை உங்கள் முன் வைக்கிறேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து தம்பி சொன்னது தம்பிக்குச் சொந்தம், வக்கீலம்மா அதை வெளியே விடக் கூடாது. அவனுக்கு வழிசொன்னவர் அதே விஷயத்தில் இவளுக்கும் வழிசொல்லக் கூடாது. ஆனால் இவள் இங்கே வந்ததே அவர் சொல்லிக் கொடுத்ததால்தான். இவள் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தாள் என்பதுதான் அந்தப் பத்திரத்துக்கு வைக்கப்படும் கடைசிச் செங்கல். வக்கீலம்மா என்ன பேசினாலும், பேசாவிட்டாலும், அந்தச் செங்கல் ஏறிவிடும்.

ஒரு முடிவு: "போடாதீங்கம்மா" என்று சொல்லிவிடுகிறார். எனக்கு ஆசையான முடிவு. எழுதியும் பார்த்தேன். ஆனால் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு நம்பிப் பேசியவனுக்கு அது துரோகம். அந்த நாற்காலி இனி யாருக்கும் உதவாது.

இன்னொரு முடிவு: "வேற வக்கீலப் பாருங்க" என்று முகவரியை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார். சட்டப்படி சரி. ஆனால் இவளை எனக்குத் தெரியும். 'இவங்களுக்கும் என்னால தொந்தரவு' என்று எண்ணிக்கொண்டு நேரே பத்திர ஆபீசுக்குப் போவாள். விதி பிழைக்கும், இவள் பிழைக்க மாட்டாள்.

மூன்றாவதை நான் யோசிக்கவில்லை. எழுதும்போது வக்கீலம்மாவே செய்தார்.

7

"நான் உங்களுக்கு யோசனை சொல்ல முடியாதும்மா. ஏன்னும் சொல்ல முடியாது."

"பரவால்ல மேடம்." எழுந்துவிட்டாள். பரவாயில்லை என்று சொல்லியே பழகிய வாய்.

"உக்காருங்க. நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா? எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தங்களுக்காக."

அவள் உட்கார்ந்தாள்.

"அவங்க ஒருத்தருக்கு வழிசொன்னாங்க. நல்லதுன்னு நெனச்சுத்தான். அப்புறம் பாத்தா, அது யார் தலையில விடியுமோ அவங்களே எதிர்ல வந்து உக்காந்திருக்காங்க. வாயத் தொறந்தாலும் தப்பு, மூடுனாலும் தப்பு. அந்த வக்கீல் என்ன செய்யணும்?"

மின்விசிறி முனகியது. அவள் மேசை விளிம்பை விரலால் தடவியபடி இருந்தாள்.

"'தனியாப் போயி வக்கீலப் பாரு'ன்னு தம்பி சொன்னப்பவே நெனச்சேன், இது அவன் பேச்சில்ல, யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார்.

"அந்த வக்கீல்கிட்ட சொல்லுங்க மேடம், மனசப் போட்டு ஒழப்பிக்க வேணாம்னு. அந்த அக்காவப் பாத்து, 'போயி உனக்காக ஒருத்தரக் கேட்டுட்டு வா'ன்னு இத்தன வருஷத்துல யாருமே சொன்னதில்ல. அவங்க சொல்லித்தான் அந்த அக்கா இன்னிக்கு இப்பிடி ஒரு நாற்காலில உக்காந்திருக்கா."

தனக்காக என்று வந்த ஒரே ஆள், இப்போது தெரிந்தவர் ஒருவருக்காகப் பேசிக்கொண்டிருந்தாள். வக்கீலம்மாவின் கண் நிறைந்துவிட்டது. துண்டுக் காகிதத்தில் வேறொரு வக்கீலின் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

"இவங்க முதல்ல பேர் கேப்பாங்க. சொல்லுங்க. இன்னிக்கு மதியம் நீங்க—"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

(இதைப் படித்த என் வக்கீல் நண்பர், "தெரிஞ்சவங்கன்னு வேஷம் போட்டுச் சொன்னா ரகசியத்த ஒடச்சது இல்லன்னு ஆயிடுமா?" என்று சீறினார். ஆகாதுதான். திருத்தாமல் விட்டிருக்கிறேன்.)

8

படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். இடது பக்கம் போனால் பத்திர ஆபீஸ். தம்பி சாட்சிகளோடு காத்திருக்கிறான். வலது பக்கம் போனால் பஸ் ஸ்டாப், துண்டுக் காகிதத்திலிருக்கும் வக்கீலிடம் போகிற வழி. கையெழுத்துப் போட்டால் வீடு போகும். போடாவிட்டால் தம்பி போவான், அல்லது போய்விடுவான் என்று அவள் பயப்படுகிறாள். அவளுக்கென்று மிச்சமிருப்பவை இந்த இரண்டும்தான்.

இடது பக்கம் ஒருமுறை எழுதினேன், வலது பக்கம் ஒருமுறை எழுதினேன். அவள் வலது பக்கம் போக வேண்டும் என்று எனக்கு அடித்துக்கொள்கிறது. அதனாலேயே நிறுத்திக்கொண்டேன். அப்பாவின் மணி, தம்பியின் சொல், வக்கீலின் மௌனம் என்று எல்லாவற்றுக்கும் ஓடியவள் அவள். இனி என் பேனாவுக்கும் ஓட வேண்டுமா?

கைப்பைக்குள் போன் அடிக்கிறது. எடுத்துப் பார்க்கிறாள். தம்பி. முதல் மணிக்கே எடுத்துப் பழகிய விரல், பச்சைப் பொத்தானுக்கு மேலே போய் நிற்கிறது. இன்னும் அமுக்கவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்காகக் கேட்கிறேன். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அவள் என்ன சொல்லட்டும்?